பாரம் முதல் பதினைந்தாம் வாரம் வரை

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடந்த கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)





நிகழ்ச்சி நிரலில் ஒருவர் பெயர்தான் அச்சாகியிருக்கிறது. ஆனால் இங்கே சொல்லப்போவது மூன்று பேர் கதை. 2006ஆம் ஆண்டு ஜூலையில் ஒரே நாளில் சிலாங்கூரில் உள்ள ஒரு பாலிடெக்னிக்கில் பெட்டியோடு போய் இறங்கிய மூன்று பேர். இருவர் கிள்ளான், ஒருவர் பிரிக்ஃபீல்ட்ஸ். மூவருமே ஹாஜியார் பள்ளியிலும் மதரசாவிலும் சேர்ந்து ஓதியவர்கள் அல்லர். முதல் நாள் பதிவு வரிசையில்தான் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அதனால் 'நாங்கள்' என்றே பேச அனுமதி தாருங்கள். யாருக்கு எது நடந்தது என்று பிரித்துச் சொல்லாமல் இருப்பது எங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் அந்த ஒப்பந்தத்தை மீறப்போகிறோம், அதற்கும் சம்பந்தப்பட்டவரிடம் உத்தரவு வாங்கிவிட்டோம்.

எங்கள் அத்தாமார்கள் மூவரும் கடைக்காரர்கள், அல்லது கடையில் வேலை பார்த்தவர்கள். தெங்கு கெலானா சாலையில் ஒரு ஜவுளிக் கடை. கிள்ளான் தெற்கில் விளக்கு, வயர், சுவிட்சு விற்கும் சின்னக் கடை. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் பணம் மாற்றும் கடையில் சம்பள வேலை. மூன்று வீட்டிலும் கல்லூரி என்று ஒன்றை அதற்கு முன் யாரும் மிதித்ததில்லை. எஸ்.பி.எம். முடிவு வந்த அன்று வீட்டில் சோறு பொங்கியது உண்மை. ஆனால் மறுநாள் காலை ஏழரை மணிக்கு "கடையைத் திறக்கப் போறியா, தூங்கப் போறியா?" என்று கேட்டதும் உண்மை.

நம் பெரியவர்கள் படிப்பை மதிக்காதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியை 1951இல் தொடங்கியவர்கள் வணிகர்கள். இளையான்குடியில் 1970இல் டாக்டர் ஜாகிர் உசேன் கல்லூரி வந்தது. ஊரில் கல்லூரி கட்டுவதைப் பற்றிப் பேசும்போது நம் பெரியவர்கள் கண் மலரும். இங்கே, இந்த நாட்டில், கல்லூரியை அரசாங்கமே கட்டி வைத்திருக்கிறது; நாம் பாரத்தை நிரப்ப வேண்டியதுதான் பாக்கி. அந்தப் பாரத்தில்தான் நாம் தடுக்கி விழுகிறோம். பிறகு முதல் பதினைந்து வாரத்தில் இன்னொரு முறை விழுகிறோம். இன்றைக்கு இந்த இரண்டையும்தான் பேசப்போகிறோம்.

முதலில், எது பாலிடெக்னிக், எது சமூகக் கல்லூரி என்பதைச் சொல்லிவிடுகிறோம். போன வருடம் ஒரு பெரியவர், "அது தனியார் காலேஜ்தானே, எத்தனை ஆயிரம் கேட்பான்?" என்று கேட்டார். இல்லை ஐயா, இரண்டும் உயர்கல்வி அமைச்சின் கீழ் உள்ளவை. நாட்டின் முதல் பாலிடெக்னிக் ஈப்போவில் 1969இல் தொடங்கியது, உங்கு ஓமார் பாலிடெக்னிக். அடுத்தது 1976இல் குவாந்தான். இன்று நாடு முழுக்க முப்பத்தாறு இருக்கின்றன. நம் பக்கத்தில் ஷா ஆலம் யு1இல் சுல்தான் சலாஹுடின் அப்துல் அஸிஸ் ஷா பாலிடெக்னிக் 1997இலிருந்து நடக்கிறது. விமானப் பராமரிப்பு படிக்க வேண்டுமா, பந்திங்கில் இருக்கிறது. சபாக் பெர்ணம் பக்கம் ஒன்று இருக்கிறது. கோலாலம்பூருக்குள்ளேயே செத்தியாவங்சாவில் ஒன்று. சமூகக் கல்லூரி என்பது 2001இல் தொடங்கிய திட்டம். அளவில் இன்னும் சிறியது, சான்றிதழ்ப் படிப்புகள் அதிகம், நுழைவுத் தகுதி இன்னும் எளிது. கிள்ளானிலேயே ஒன்று இருக்கிறது. சிலாயாங்கில், கோல லங்காட்டில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்தக் கிள்ளான் கல்லூரிக்குள் போய்ப் பார்த்திருக்கிறோம்?

கட்டணம் கேட்டால் சிரிப்பீர்கள். பாலிடெக்னிக்கில் படிப்புக் கட்டணம் ஒரு பருவத்துக்கு இருநூறு வெள்ளி. எங்கள் காலத்தில் அந்த இருநூறு வெள்ளி என்று சொன்னதும் எங்களில் ஒருவரின் அத்தா, "இவ்வளவு மலிவா இருந்தா சரக்கு சரியிருக்காதே" என்றார். வியாபாரி புத்தி. மூன்று வருடம் கழித்து அவரே கடைக்கு வருகிறவர்களிடம் டிப்ளோமாவைச் சட்டம் போட்டுக் காட்டினார் என்பது வேறு விஷயம்.

இனி பாரம். எங்கள் காலத்தில் பேங்க் சிம்பானான் நேஷனலில் வரிசையில் நின்று ஓர் எண் வாங்கி, கணினிக் கடையில் மணிக்கு இரண்டு வெள்ளி கொடுத்து உட்கார்ந்து விண்ணப்பித்தோம். இப்போது எல்லாம் யு.பி.யு. இணையப் பக்கத்தில், கையிலிருக்கும் தொலைபேசியிலேயே முடிகிறது. எளிதாகிவிட்டது. எளிதானதால்தான் பிழையும் எளிதாக வருகிறது.

சங்கத்தின் கல்விக் குழுவில் நாங்கள் உட்கார்ந்து பார்த்த பாரங்களில் அடிக்கடி வரும் முதல் பிழை பெயர். நம் பெயர்களைச் சொல்ல வேண்டுமா? முகமது என்பதை நம் வீடுகளில் ஐந்து விதமாக எழுதுகிறோம். ஷாகுல் ஹமீது அண்ணனுக்கு ஓர் எழுத்து, தம்பிக்கு வேறு எழுத்து. பிறப்புச் சான்றிதழில் 'பின்' இருக்கும், பள்ளிச் சான்றிதழில் இருக்காது. ஐசியில் முன்னெழுத்து விரிவாக இருக்கும், எஸ்.பி.எம். தாளில் ஒற்றை எழுத்தாக இருக்கும். ஐசியில் உள்ளதை அப்படியே எழுதுங்கள், வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதை எழுதாதீர்கள். மூன்று தாளும் ஒத்துப்போகவில்லை என்றால் இப்போதே, முடிவு வருவதற்கு முன்பே, போய்ச் சரி செய்யுங்கள். இனம் என்ற கட்டத்திலும் அதே கதைதான். ஒரே வீட்டில் அண்ணன் தாளில் ஒன்றும் தம்பி தாளில் ஒன்றும் எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறோம். அதைப் பற்றி நமக்குள் பல கருத்து உண்டு, அதற்கு வேறு மேடை இருக்கிறது. பாரம் நிரப்பும் அன்று பிறப்புச் சான்றிதழில் என்ன இருக்கிறதோ அதுதான்.

இரண்டாவது, தேர்வுப் பட்டியல். எஸ்.பி.எம். மாணவருக்குப் பன்னிரண்டு இடம் வரை தேர்வு எழுத வழி இருக்கிறது. நம் பிள்ளை நான்கு கிரெடிட் வைத்துக்கொண்டு பன்னிரண்டிலும் பெரிய பல்கலைக்கழகங்களின் அடிப்படைப் படிப்புகளையே எழுதுகிறான். ஏன் என்று கேட்டால், "பாலிடெக்னிக் எழுதினா மாமா வீட்ல கேலி பண்ணுவாங்க." பிறகு ஒன்றும் கிடைக்காமல் கடைக்கு வருகிறான், மாமா வீட்டில் யாரும் வந்து அவனுக்குச் சம்பளம் தருவதில்லை. பாலிடெக்னிக் டிப்ளோமாவுக்குப் பொதுவான தகுதி, மலாய் மொழியில் தேர்ச்சி, 2013ஆம் ஆண்டு எஸ்.பி.எம். முதல் வரலாற்றிலும் தேர்ச்சி, மொத்தம் மூன்று பாடத்தில் கிரெடிட். பொறியியல் பக்கம் போகிறவர் கணிதத்தில் கிரெடிட் வைத்திருக்க வேண்டும். படிப்புக்குப் படிப்பு சில நிபந்தனை மாறும், பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். நேர்முகத் தேர்வு உண்டு என்று குறி போட்டிருக்கும் படிப்பை எழுதிவிட்டு நேர்முகத்துக்குப் போகாமல் இருந்தவர்களும் நம்மில் இருக்கிறார்கள். மதிப்பெண் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு பாடத்துக்கு, பத்து பள்ளிப் புறப்பாட நடவடிக்கைக்கு. சனிக்கிழமை சாரணர் பயிற்சிக்குப் போகாதே, கடைக்கு வா என்று கூப்பிடும் அத்தாமார்கள் அந்தப் பத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது பிழையைச் சொல்ல எங்களுக்கு இன்னும் மனசு வலிக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் கிள்ளானில் ஒரு பிள்ளை. சமூகக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஏற்றுக்கொள்கிறேன் என்று குறிப்பிட்ட தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். பாரத்தில் கொடுத்திருந்தது கடையின் பழைய முன்கட்டணத் தொலைபேசி எண். அந்த எண் மாறி மாதக்கணக்காகிவிட்டது. மின்னஞ்சல் முகவரியைக் கணினிக் கடைக்காரர் உண்டாக்கிக் கொடுத்திருந்தார், கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை. இடம் கிடைத்த செய்தி வீட்டுக்கு வந்தபோது தேதி போய்விட்டது. மேல்முறையீட்டுக்குப் பாரம் போட்டோம், கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளை இப்போது ஒரு மொத்தக் கடையில் லாரிக்குச் சரக்கு ஏற்றுகிறார். உழைப்பு கேவலம் என்று சொல்லவில்லை. அந்த இடம் அவருக்குக் கிடைத்தது, அவருக்கே தெரியாமல் போனது, அதைத்தான் சொல்கிறோம். தயவு செய்து பிள்ளையின் சொந்த எண்ணைக் கொடுங்கள். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, வீட்டில் நகை வைக்கிற இடத்தில் வையுங்கள்.

பணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பி.டி.பி.டி.என். கடன் என்றதும் நம் பெரியவர்கள் வட்டி என்று ஒதுங்குவார்கள். எங்கள் வீட்டிலும் ஹஜ்ரத்தைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எங்களுக்கு அது பெரிய குழப்பமாகவே இருந்தது. 2008 முதல் அதை உஜ்ரா முறைக்கு மாற்றி ஒரு விழுக்காடு சேவைக் கட்டணம் என்று வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் இன்னொரு கதவு இருக்கிறது, அதை நாம் தட்டுவதே இல்லை. சிலாங்கூரில் ஸக்காத் வாரியம், கூட்டரசுப் பிரதேசத்தில் சமய மன்றம், இரண்டும் உயர்கல்வி மாணவருக்கு உதவி தருகின்றன. ஸக்காத் முஸ்லிம்களுக்கு உரியது, அங்கே இனக் கட்டம் பார்ப்பதில்லை. நாம் ஆண்டுதோறும் கடைக் கணக்குப் பார்த்து ஸக்காத் கொடுக்கிறோம், நம் தெருவில் உள்ள பிள்ளை வாங்கத் தகுதியுள்ளவன் என்பது நமக்கே தெரியவில்லை. பாரத்தை மலாயில் நிரப்பத் தயங்கி விட்டுவிடுகிறோம். அந்தத் தயக்கம் போகத்தான் மேசை போடுகிறோம்.

சரி, இடம் கிடைத்தாயிற்று. பெட்டி கட்டி, மருத்துவப் பரிசோதனைத் தாளில் டாக்டர் கையெழுத்து வாங்கி, விடுதிக்குப் போயாயிற்று. இனிமேல்தான் உங்களுக்கு யாரும் சொல்லாத பகுதி.

எங்கள் அறையில் எட்டுப் பேர். முதல் நாள் இரவு இஷாவுக்கு விடுதி சூராவுக்குப் போனோம். தொழுது முடித்ததும் கிளந்தானிலிருந்து வந்த ஒரு நண்பர் தோளில் கைபோட்டு, மிகுந்த அன்போடு, "பிலா மாசுக் இஸ்லாம்?" என்று கேட்டார். எப்போது இஸ்லாத்துக்கு வந்தீர்கள் என்று. நம் பாட்டனுக்குப் பாட்டன் தொழுத பள்ளிவாசல் கடற்கரையில் இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லத் தோன்றியது. நாங்கள் சொன்னது, "லாகிர் லாகி இஸ்லாம்", பிறக்கும்போதே. எல்லாரும் சிரித்தோம். இரண்டாம் நாள் மதியம் உணவகத்தில் தமிழ்ப் பிள்ளைகள் மேசையில் போய் உட்கார்ந்தோம். பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கு நாங்கள் அந்தப் பக்கம். அந்தப் பக்கத்துக்கு நாங்கள் இந்தப் பக்கம். மூன்றாவது வாரம் வரை பெயருக்குப் பதிலாக 'மாமாக்' என்றே கூப்பிட்டார்கள், ரொட்டி சானாய் எப்போது போடுவாய் என்று கேட்டார்கள். எங்களில் ஒருவருக்கு முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாது.

இன்னொன்று சொன்னால் ஹஜ்ரத்மார்கள் சிரிப்பார்கள். எங்களில் இருவர் ஹனஃபி வீடு. சுபுஹு தொழுகையில் எல்லாரும் குனூத் ஓதக் கை உயர்த்தும்போது நாங்கள் கையை உயர்த்தாமல் நின்றோம். தொழுகை முடிந்ததும் ஒரு கூட்டமே சூழ்ந்துகொண்டது. மத்ஹபுகளைப் பற்றி நாங்கள் அரைகுறை மலாயில் விளக்கம் சொன்ன அந்தக் காலைதான் எங்கள் மலாய் மொழி உண்மையில் ஓடத் தொடங்கிய காலை. அந்த நோன்பில் கிள்ளானிலிருந்து பெரிய தூக்குச்சட்டியில் நோன்புக் கஞ்சி வந்தது. அதற்குப் பிறகு குனூத் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்த அறையில் இருந்தவர்களில் மூன்று பேர் இன்றும் எங்கள் கடைக்குச் சரக்குக் கொடுக்கிறார்கள், வாங்குகிறார்கள். முதல் மூன்று வாரத்தில் பெட்டி கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தால் இது எதுவும் இல்லை. வந்துவிடலாம் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தோம்.

பாடம் எங்களைப் பயமுறுத்திய விதம் வேறு. பள்ளியில் சூத்திரம் மனப்பாடம். இங்கே பட்டறையில் பூட்ஸ் போட்டுக்கொண்டு, மூன்று கட்ட மோட்டாரை ஸ்டார் டெல்டாவில் இணைத்து ஓட விடு என்கிறார்கள். விளக்குக் கடையில் வளர்ந்த பிள்ளைக்கே வயரின் நிறம்தான் தெரியும், அதற்குள் என்ன ஓடுகிறது என்று தெரியாது. ஆய்வு அறிக்கை வாரம் ஒன்று. இரவு ஒரு மணிக்கு ஒருவர் அறிக்கையை ஒருவர் பார்த்து, ஒரே பிழையை மூன்று பேரும் எழுதி, மூன்று பேரும் மாட்டிக்கொண்டோம். அது போகட்டும்.

இப்போது ஒப்பந்தத்தை மீறும் இடம்.

2006ஆம் ஆண்டு நினைவிருக்கிறதா? அக்டோபர் 21 தீபாவளி, 24 நோன்புப் பெருநாள். தெங்கு கெலானா சாலையில் ஜவுளிக் கடை வைத்திருந்தவர்களுக்கு அப்படி ஒரு வருடம். இரண்டு பெருநாள் வியாபாரமும் ஒரே மாதத்தில். இரவு பன்னிரண்டு வரை ஷட்டர் இறங்காது. எங்களில் ஜவுளிக் கடை வீட்டுப் பிள்ளைக்குச் செப்டம்பரிலிருந்து அழைப்பு வரத் தொடங்கியது. "வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சதும் வந்துரு, ஞாயிறு ராத்திரி போயிடலாம்." அத்தா சொன்னதில் தவறு என்ன? வெள்ளி மதியத்துக்கு மேல் ஒரே ஒரு வகுப்புதான். இரண்டேகால் மணி தாண்டி ஆரம்பிக்கும், இரண்டு மணி நேரம்.

அந்த இரண்டு மணி நேரத்தின் கணக்கை இங்கே எல்லாரும் போட்டுப் பாருங்கள், நாம் கணக்குக்காரர்கள். வாரம் இரண்டு மணி, பருவத்துக்குப் பதினைந்து வாரம் என்று வைத்துக்கொண்டால் முப்பது மணி. வருகை நூற்றுக்கு எண்பது இருக்க வேண்டும், குறைந்தால் அந்தப் பாடத்தில் இறுதித் தேர்வு எழுத முடியாது. இருபது விழுக்காடு என்றால் ஆறு மணி. அதாவது மூன்று வெள்ளிக்கிழமை. நான்காவது வெள்ளி, கதவு மூடியது.

நம் பிள்ளை ஐந்து வெள்ளி போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மாணவருக்கு ஒன்று, பெற்றோர் முகவரிக்கு ஒன்று. பெற்றோர் முகவரி என்பது கடை முகவரி. கடிதம் மலாயில். அத்தா அதைப் பார்த்தார், அரசாங்க உறை, ஏதோ ரசீது என்று பில் வைக்கும் இழுப்பறையில் போட்டார். இரண்டாவது கடிதமும் அதே இழுப்பறை. பெருநாள் முடிந்து வந்தபோது பலகையில் பெயர் ஒட்டியிருந்தது. ஒரு பாடம்தான் போனது. அடுத்த பருவத்தில் மறுபடி எடுத்திருக்கலாம். சொல்ல ஆள் இல்லை. எங்கள் இருவருக்கும் பதினெட்டு வயது, எங்களுக்கே தெரியவில்லை. வெட்கம் பெரிதாக இருந்தது. ஒரு காலைப் பொழுதில் மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டு, சொல்லாமல் கொமுட்டர் ரயில் ஏறிப் போய்விட்டார்.

அத்தா திட்டவில்லை. "சரி, கடையைப் பாரு" என்று மட்டும் சொன்னார். பல வருடம் கழித்து, கடையை இடம் மாற்றும்போது அந்த இழுப்பறையைக் கவிழ்த்தார்கள், இரண்டு கடிதமும் வந்தன. அத்தா பேரனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும் எழுந்து போய் ஒளு செய்தார் என்று நண்பர் சொன்னார். அன்று அஸர் முடிந்தும் தொழுகை விரிப்பிலேயே வெகுநேரம் இருந்தாராம்.

எங்கள் இருவருக்கும் 2009இல் டிப்ளோமா கிடைத்தது. ஒருவர் அதைக் கொண்டு பத்து பகாட்டில் துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்தப் பல்கலைக்கழகமே 1993இல் பாலிடெக்னிக் ஊழியர்களுக்கான பயிற்சி மையமாகத் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு அங்கே வழி உண்டு. இன்னொருவர் அத்தாவின் விளக்குக் கடைக்கே திரும்பினார். "மூணு வருசம் படிச்சிட்டு அதே பல்பைத்தான் விக்கிறியா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். ஆமாம், அதே பல்புதான். ஆனால் பட்டறைக்காரர் வந்து மோட்டார் அளவைச் சொன்னால் எந்த காண்டாக்டர், எந்தக் கேபிள், எந்த பிரேக்கர் என்று இப்போது கடையிலேயே எழுதிக் கொடுக்கிறோம். தொழிற்சாலைகள் அதற்காகவே போர்ட் கிள்ளானிலிருந்து வருகின்றன. பல்பை அடுத்த கடையிலும் வாங்கலாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும் என்று தாய்மார்கள் சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால், மேசைக்கு வருகிற பாரங்களில் ஒழுங்காக நிரப்பியிருப்பது அவர்களுடையதுதான். அவர்களுக்கு வருகிற தடை வேறு. விடுதி என்றதும் வீட்டில் பேச்சு நின்றுவிடுகிறது. விடுதியில் பெண்கள் கட்டடம் தனி, இரவு வாசல் பூட்டும் நேரம் உண்டு, வார்டன் உண்டு. பதிவு நாளன்று தாய்மார்களே கூடப் போய் அறையைப் பாருங்கள். அதற்கும் மனம் வரவில்லை என்றால் வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் ஷா ஆலமும் கிள்ளான் சமூகக் கல்லூரியும் இருக்கின்றன. அதையும் எழுதாமல் வீட்டில் உட்கார வைப்பதற்கு எங்களுக்குக் காரணம் புரியவில்லை. இதைச் சற்றுக் காரமாகவே சொல்கிறோம், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அத்தாமார்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை சேர்ந்த முதல் பருவத்தில், அந்தப் பதினைந்து வாரத்துக்கு, வெள்ளிக்கிழமை கடைக்குக் கூப்பிடாதீர்கள். சனி கூப்பிடுங்கள், ஞாயிறு கூப்பிடுங்கள், நாங்களும் வந்தோம். ஆள் போதவில்லை என்றால் எங்களிடம் சொல்லுங்கள், பெருநாள் வாரத்தில் கல்விக் குழுவிலிருந்தே ஒருவர் வந்து துணி மடித்துத் தருவோம். சிரிக்காதீர்கள், போன நோன்பில் இரண்டு கடைக்குச் செய்தோம். ஒருவர் சேலையைத் தப்பாக மடித்தார் என்று புகார் வந்தது, அவ்வளவுதான். அரசாங்க உறை எது வந்தாலும் இழுப்பறையில் போடாமல் படம் பிடித்துக் குழு எண்ணுக்கு அனுப்புங்கள். மலாயில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றே தமிழில் சொல்லிவிடுவோம்.

தம்பி தங்கைகளுக்கு: உங்களுக்கு முன்னால் அங்கே போனவர் ஒருவர் ஒவ்வொரு கல்லூரிக்கும் இருக்கிறார், அவர் எண்ணைத் தருகிறோம். முதல் வாரம் அவரைப் போய்ப் பாருங்கள். மூன்றாவது வாரம் அவரே உங்களைத் தேடி வருவார். ஆறாவது வாரம் வருகைக் கணக்கை அவரிடம் காட்டுங்கள். பாடம் ஒன்று போய்விட்டது என்றால் மெத்தையைச் சுருட்டுவதற்கு முன்னால் அவரிடம் சொல்லுங்கள். மறுபடி எடுக்க எந்தப் பாரம், எந்த அலுவலகம், எந்தத் தேதி என்பது அவருக்குத் தெரியும்.

வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு சங்க மண்டபத்தில் மேசை போடுகிறோம். மஃரிபுக்கு நிறுத்தி, தொழுதுவிட்டு, இரவு பத்து வரை இருப்போம். ஐசி, பிறப்புச் சான்றிதழ், பள்ளி விடுகைச் சான்றிதழ், புறப்பாடச் சான்றிதழ்கள், அத்தா அம்மா இருவரின் ஐசி நகல், வருமானத் தாள் அல்லது கடை உரிமத்தின் நகல், பிள்ளையின் சொந்தத் தொலைபேசி. இவை எல்லாம் வேண்டும். முதல் மேசை பாலிடெக்னிக், சமூகக் கல்லூரிப் பாரம். மூன்றாவது மேசை ஸக்காத் உதவி. இரண்டாவது மேசையில் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தேதிகளையும் சரிபார்ப்பவர் உட்கார்ந்திருப்பார். கொஞ்சம் கண்டிப்பானவர், ஒவ்வொரு தேதியையும் உங்களையே வாய்விட்டுச் சொல்லச் சொல்வார், கோபித்துக்கொள்ளாதீர்கள். தெங்கு கெலானா சாலையில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறார்.